இரும்புக்கு ஒரு பஞ்சாங்கம்

சித்திரை பிறந்தால் பஞ்சாங்கம் படிப்பார்கள், கேட்டிருப்பீர்கள். இந்த வருஷத்துக்கு ராஜா யார், மந்திரி யார், மழை எத்தனை மரக்கால் என்று வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் நீரசாதிபதி என்று ஒருவர் உண்டு. உலோகம், ரத்தினம் எல்லாம் அவர் இலாகா. அந்த நாற்காலியில் சூரியன் உட்கார்ந்தால் ஒரு பலன், சனி உட்கார்ந்தால் வேறு பலன். இரும்பு விலை ஏறுமா இறங்குமா என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். யாரும் போன வருஷப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'என்ன சார், அப்போ அப்படிச் சொன்னீங்களே?' என்று சண்டைக்குப் போவதில்லை.

உலக ஸ்டீல் தொழிலுக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருக்கும் வேர்ல்ட் ஸ்டீல் அசோசியேஷன் வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு தடவை அதை வெளியிடும். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இந்த வருஷம் உலகம் எத்தனை டன் ஸ்டீல் கேட்கும், அடுத்த வருஷம் எத்தனை டன் கேட்கும் என்று நாடு நாடாகப் பிரித்து ஒரு அட்டவணை. பெயர் 'ஷார்ட் ரேஞ்ச் அவுட்லுக்'. குறுகிய காலப் பலன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதையெல்லாம் நாம எதுக்குப் படிக்கணும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். வீடு கட்டும்போது கம்பி டன் என்ன விலை என்று விசாரிப்பதோடு ஸ்டீலுக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்துவிடுகிறது. ஆனால், நாம் பாங்கில் போட்ட பணம் இருக்கிறதே, அதில் ஒரு பங்கு ஸ்டீல் ஆலைகளுக்குக் கடனாகப் போகிறது. கடன் கேட்டு வருகிறவர் கையில் ஒரு திட்ட அறிக்கை இருக்கும். அதில் 'தேவை இத்தனை சதவீதம் வளரும்' என்று ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் இந்தப் பஞ்சாங்கத்திலிருந்தோ, இதன் பெரியப்பா சித்தப்பா அறிக்கைகளிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். ஆகவே, ஒரு நாவலை விமர்சிக்கிற மாதிரி இதையும் கொஞ்சம் பிரித்து மேய்வதில் தப்பில்லை.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் வந்த பதிப்பு, 2024-ல் உலகத்துக்கு 184.9 கோடி டன் ஸ்டீல் தேவைப்படும் என்றது. ஆறு மாசம் கழித்து, 2024 ஏப்ரலில், 179.3 கோடி என்றது. அக்டோபரில் 175.1 கோடி. ஒரே வருஷத்தில் சுமார் 10 கோடி டன் ஆவி! இந்தியா 2024 முழுக்க மூச்சுப் பிடித்து உருக்கியதே சுமார் 15 கோடி டன்தான். முதலில் 1.9 சதவீதம் வளரும் என்றவர்கள், கடைசியில் 0.9 சதவீதம் குறையும் என்று முடித்தார்கள். (அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2023-க்கான கணக்கே நடுவில் இறங்கிப் போனது. அடி இறங்கினால் நுனியும் இறங்கத்தான் செய்யும்.)

சரி, 2025? அதற்கு 2024 ஏப்ரலில் சொன்னது 181.5 கோடி. அக்டோபரில் 177.2 கோடி. 2025 அக்டோபரில் சுமார் 174.9 கோடி, அதாவது வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். கூடவே ஓர் ஆறுதல்: 2026-ல் 1.3 சதவீதம் வளர்ந்து 177.3 கோடியைத் தொடுமாம். 2025-க்குச் சொல்லி நடக்காமல் போன 177.2-ஐயும், 2026-க்குச் சொன்ன 177.3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நம்பரைத் தூசி தட்டி அடுத்த வருஷத்துக்கு நகர்த்தி வைத்த மாதிரி இல்லை?

மளிகைக் கடைகளில் ஒரு போர்டு தொங்கும். 'இன்று ரொக்கம், நாளை கடன்'. எந்த நாளில் போய் நின்றாலும் போர்டு அதையேதான் சொல்லும். இந்த வருஷம் சுமார், அடுத்த வருஷம் ஜோர் என்கிற ஸ்டீல் ஜோசியமும் அந்த ஜாதிதான்.

ஏன் இப்படி? எழுதுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்தச் சங்கத்தின் பழைய புள்ளிவிவரங்கள், அதாவது ஏற்கெனவே உருக்கி முடித்த டன்களின் கணக்கு, தங்கம். உலகத்தில் வேறெங்கும் அவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. இந்தக் கட்டுரையே பாதி அவற்றை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் சங்கத்தின் உறுப்பினர்கள் யார்? உலக ஸ்டீலில் சுமார் 85 சதவீதத்தைத் தயாரிக்கும் கம்பெனிகள். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரித்தால், 'இப்போ கொஞ்சம் வேலை இல்லாம இருக்கான், தை பிறந்தா சரியாயிடும்' என்றுதான் பதில் வரும். அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்புகிறாள்.

நடுவில் ஒரு சின்ன விளக்கம், இல்லாவிட்டால் நம்பர்கள் குழப்பும். உருக்கி ஊற்றிய எடை ஒன்று. அதைக் கம்பியாகவும் தகடாகவும் உருட்டி வெளியே எடுக்கும்போது நிற்கிற எடை இன்னொன்று. நகைக் கடை மாதிரி இங்கேயும் சேதாரம் உண்டு. 2024-ல் உலகம் உருக்கியது 188 கோடி டன் சொச்சம், தேவைக் கணக்கில் வந்தது 175 கோடி. மேலே சொன்ன தேவைக் கணக்கெல்லாம் இரண்டாவது வகை. இனி உற்பத்தி என்று சொன்னால் முதல் வகை.

இந்த நோய் நேற்று வந்ததில்லை. மேற்படி சங்கத்துக்கு 2008 வரை வேறு பெயர்: சர்வதேச இரும்பு, எஃகு நிறுவனம். அது 1972-ல் 'புரொஜெக்‌ஷன் 85' என்று ஓர் அறிக்கை போட்டது. 1985-ல் உலகத்தின் ஸ்டீல் தேவை நூறு கோடி டன்னைத் தாண்டிவிடும் என்பது அதன் சாராம்சம். அன்றைக்கு அது பேராசை இல்லை. 1950-ல் 19 கோடி டன்னாக இருந்த உற்பத்தி, 1970-ல் சுமார் 60 கோடி. இருபது வருஷத்தில் மூன்று மடங்கு. ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டினால் நூறு கோடி தானாக வரும்.

அடுத்த வருஷமே, 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. 1985-ல் உலகம் நிஜமாக உருக்கியது சுமார் 72 கோடி டன். நூறு கோடியைத் தாண்டியது எப்போது தெரியுமா? 2004-ல். ஏறக்குறைய இருபது வருஷம் லேட். நம்ம ஊர் ரயில்கூட அவ்வளவு லேட்டாக வராது.

அந்த லேட்டுக்கு விலை கொடுத்தவர்கள் அறிக்கை எழுதியவர்கள் அல்ல. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், யங்ஸ்டவுன் என்று ஒரு ஸ்டீல் ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. அங்கிருந்த கேம்ப்பெல் ஆலையை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரில் இன்றைக்கும் அதைக் 'கறுப்புத் திங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் பிரான்ஸில் லொரேன், பிரிட்டனில் வேல்ஸ் என்று அடுத்தடுத்து அடுப்புகள் அணைந்தன.

இந்த ஜோசியத்துக்குப் பின்னால் ஒரு தியரி இருக்கிறது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஏழை நாடு ஸ்டீல் அதிகம் கேட்காது. கொஞ்சம் காசு வந்ததும் பாலம், ரயில், ஃபேக்டரி, அடுக்குமாடி என்று கட்டத் தொடங்கும். அப்போது தேவை சரசரவென்று ஏறும். இன்னும் காசு வந்ததும் கட்ட வேண்டியதையெல்லாம் கட்டி முடித்திருப்பார்கள். ஜனங்கள் சினிமா, ஓட்டல், ஆஸ்பத்திரி, செல்போன் என்று செலவழிப்பார்கள். ஸ்டீல் தேவை தட்டையாகி, பிறகு இறங்கும். படமாகப் போட்டால் ஒரு குன்று. எந்த நாடு அந்தக் குன்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், பலன் சொல்லிவிடலாம்.

அமெரிக்கா இந்தத் தியரிக்குப் பொருத்தமான பிள்ளை. 1973-ல் 13.7 கோடி டன் உருக்கியது, இப்போது 8 கோடியைச் சுற்றி நிற்கிறது. ஆனால் தென்கொரியாவைப் பாருங்கள். பணக்கார நாடாகி எவ்வளவோ காலமாயிற்று. தலைக்கு வருஷம் ஆயிரம் கிலோவைச் சுற்றியே ஸ்டீல் தின்கிறது, குன்றிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. காரணம் கப்பலும் காரும். அவற்றைக் கட்டி வெளிநாட்டுக்கு விற்கிறார்கள், ஸ்டீல் கணக்கு மட்டும் அவர்கள் தலையில் ஏறுகிறது. ஆகவே குன்று என்பது இயற்கை விதி இல்லை. பல நாடுகளில் நடந்தது, அவ்வளவுதான்.

தியரியை நிஜமாகவே திக்குமுக்காட வைத்தது சீனா. 2000-ல் அது உருக்கியது 13 கோடி டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டீல் என்பது அஸ்தமனத் தொழில் என்று மேற்கே எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரம். 2010-ல் 64 கோடி. 2020-ல் 106.5 கோடி. உலகத்தில் பாதிக்கு மேல்! 2004 வாக்கில் பழைய இரும்பு விலை எகிறியதில், பல நாடுகளில் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் இருந்த மேன்ஹோல் மூடிகள் காணாமல் போயின. பேரீச்சம்பழத்துக்குப் போட்ட சரக்குக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

ஏறும்போது ஏமாந்தவர்கள், உச்சியைக் குறிக்கும்போதும் ஏமாந்தார்கள். 2014-ல் 82 கோடியாக இருந்த சீன உற்பத்தி 2015-ல் 80 கோடிக்கு இறங்கியது. 1981-க்குப் பிறகு முதல் இறக்கம். அவ்வளவுதான், உச்சி வந்தாச்சு, இனிமேல் சரிவுதான் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. சுரங்கக் கம்பெனி, இரும்புத் தாதை சீனாவுக்கு விற்றே வளர்ந்த கம்பெனி, முன்பு 100 முதல் 110 கோடி டன் வரை போகும் என்று சொல்லி வந்தது. 2015-ல் பயந்துபோய் 93.5 முதல் 98.5 கோடிக்குள்தான் என்று திருத்தியது. ஐந்தே வருஷத்தில் சீனா 106.5-ஐத் தொட்டது. திருத்தாமல் சும்மா இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு மார்க்!

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தப்பின் திசை. நல்ல காலத்தில் கணித்தால் அதிகம், கெட்ட காலத்தில் கணித்தால் குறைவு. ஜன்னலுக்கு வெளியே இன்றைக்கு அடிக்கும் வெயிலைப் பார்த்துவிட்டு அடுத்த மாச வானிலையைச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தத் தடவை சீனாவின் இறக்கம் நிஜம் என்றே எனக்குப் படுகிறது. காரணம், அது என்ன ஸ்டீல் என்பதில் இருக்கிறது. சீனா உருக்கியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குள் போயிற்று. அபார்ட்மென்ட், அபார்ட்மென்ட், அபார்ட்மென்ட். கட்டுவதற்கு முன்பே விற்று, அந்தக் காசில் அடுத்த மனை வாங்கி, அதை அடகு வைத்து மூன்றாவதைத் தொடங்கி... இந்த விளையாட்டை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம், அளவுதான் சின்னது. 2020-ல் சீன அரசு பில்டர்களின் கடனுக்கு மூன்று சிவப்புக் கோடுகள் போட்டது. 2021-ல் எவர்கிராண்ட் என்ற ராட்சசக் கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் மூச்சுத் திணறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் கோர்ட் அதைக் கலைக்க உத்தரவிட்டது. சீனாவின் ஜனத்தொகையோ 2022-லிருந்து குறைந்துகொண்டு வருகிறது. குடியிருக்க ஆள் குறையும் ஊரில் மாடி மேல் மாடி எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், தேவை சரிந்த வேகத்தில் உற்பத்தி சரியவில்லை. 2024-லும் 100 கோடி டன்னுக்குக் கொஞ்சம் கூடவே உருக்கினார்கள். பிளாஸ்ட் ஃபர்னஸ் என்பது காஸ் அடுப்பு இல்லை, குமிழைத் திருகி அணைக்க. பற்றவைத்தால் பத்துப் பதினைந்து வருஷம் இரவு பகலாக எரிய வேண்டும். சரியாகத் தயார் செய்யாமல் ஆறவிட்டால் உள்ளே உருகிக் கிடக்கும் இரும்பு பாறையாக இறுகி, உலையே பாழ். தவிர, அந்த ஆலையை நம்பி ஒரு நகரமே இருக்கும். உள்ளூர் அதிகாரி மூட விடுவாரா? வீட்டில் சாப்பிட ஆள் இல்லை, அடுப்பையும் அணைக்க முடியாது. சமைத்ததை அக்கம் பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2024-ல் சீனா ஏற்றுமதி செய்தது சுமார் 11 கோடி டன். 2025-ல் அதையும் தாண்டியது.

அக்கம் பக்கத்தில் என்ன நடந்தது? சிலியில் ஹுவாச்சிபாட்டோ என்ற ஆலை 2024-ல் உலையை அணைத்தது. சீனச் சரக்கின் விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை என்றார்கள். வேல்ஸில், போர்ட் டால்பட்டில், டாடாவின் கடைசி பிளாஸ்ட் ஃபர்னஸ் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது. அங்கே நஷ்டமும் கரிப்புகைக் கவலையும் சேர்ந்த காரணம். அமெரிக்கா 2018-ல் 25 சதவீதமாகப் போட்ட வரியை 2025 ஜூனில் 50 ஆக்கியது. நம் அரசும் 2025 ஏப்ரலில் சில வகைத் தகடுகளுக்கு 12 சதவீதத் தற்காப்பு வரி போட்டது. இதில் எதையாவது எந்தப் பஞ்சாங்கமாவது முன்கூட்டிச் சொன்னதா? சொல்ல முடியாது. வாஷிங்டனில் ஒருவர் காலையில் எழுந்து என்ன கையெழுத்துப் போடுவார் என்பதற்கு ஃபார்முலா கிடையாது.

இப்போது நம்ம வீட்டு விஷயம். சீனா விட்ட இடத்தை இந்தியா பிடிக்கும் என்பதுதான் இன்றைக்கு எல்லா அறிக்கைகளின் கிளைமாக்ஸ். 2025 அக்டோபர் பதிப்பும் இந்தியாவின் தேவை 2025, 2026 இரண்டிலும் சுமார் 9 சதவீதம் வளரும் என்றது. இந்த வளர்ச்சி பொய் இல்லை. தலைக்குச் சுமார் 100 கிலோ என்ற கட்டத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம். உலக சராசரி 210, 220 கிலோவைச் சுற்றி இருக்கிறது. சீனா 600 கிலோ. ஆகவே ஏற இடம் இருக்கிறது.

ஆனால் ஒரு சின்ன மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். 2020-லிருந்து 2024-க்குள் சீனாவின் உற்பத்தி சுமார் 6 கோடி டன் குறைந்தது. அதே நான்கு வருஷத்தில் இந்தியா கூடுதலாக உருக்கியது சுமார் 5 கோடி டன். அதிலும் 2020 கொரோனா வருஷம், நம் தொடக்கமே பள்ளத்தில். மொத்த உலகக் கணக்கோ 2020-ல் 188 கோடி, 2024-லும் 188 கோடி சொச்சம். ஒருவர் மாடியிலிருந்து இறங்குகிறார், இன்னொருவர் ஏறுகிறார். இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்து, 'உலகம் நடுமாடியில் அசையாமல் நிற்கிறது' என்று எழுதுவதில் என்ன பிரயோஜனம்?

இந்தியா இன்னொரு சீனா ஆகும் என்று நான் நம்பவில்லை. சீனா 13 கோடியிலிருந்து 100 கோடிக்குப் போனது, நகரத்து நிலமெல்லாம் அரசு கையில் இருந்து, பாங்குகளும் அரசு கையில் இருந்து, தேசிய வருமானத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கட்டுமானத்திலும் இயந்திரத்திலும் கொட்டியதால். நம் ஊரில் ரோட்டை அகலப்படுத்தவே கேஸ் பத்து வருஷம் நடக்கும். அது குறை மட்டும் இல்லை. ஒரு சாதாரண மனுஷன் தன் நிலத்துக்காகக் கோர்ட்டில் நிற்க முடிகிறது என்பதும் அதில் இருக்கிறது. என் கட்சி இதுதான்: இந்தியா நிதானமாக ஏறும், சீனா நிதானமாக இறங்கும், உலக மொத்தம் இன்னும் பல வருஷம் 175 கோடியைச் சுற்றிச் சுற்றியே வரும். இடையிடையே காற்றாலை, டேட்டா சென்டர், எலெக்ட்ரிக் கார் என்று புதுப்புதுக் கதாநாயகர்களை அறிமுகப்படுத்துவார்கள். நல்லது. ஆனால் உலக ஸ்டீலில் பாதி கட்டடத்திலும் பாலத்திலும்தான் போகிறது. அதுதான் கதை.

இந்தியாவைப் பற்றிய ஜோசியத்தில் ஒரு சுவாரசியமான அத்தியாயம் இருக்கிறது. 2005-ல் மத்திய அரசு ஒரு தேசிய ஸ்டீல் கொள்கை கொண்டுவந்தது. 2019-20-ல் 11 கோடி டன் என்று இலக்கு வைத்தது. அந்த வருஷம் நிஜமாக உருக்கியது எவ்வளவு? 10.9 கோடி டன். அடேயப்பா! பதினைந்து வருஷத்துக்கு முன்பு சொன்ன நம்பர் இவ்வளவு கிட்டத்தில் பலித்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அரசாங்கத்துக் கோப்பில் இப்படி ஒரு முத்து.

சோகம் என்னவென்றால், அதை எழுதியவர்களே அதை நம்பவில்லை. சீனா ஏறுகிற வேகத்தைப் பார்த்து, நாலைந்து வருஷத்துக்குள் அது ரொம்பக் குறைச்சல் என்று தோன்றிவிட்டது. மாநில அரசுகளோடு கம்பெனிகள் 200-க்கும் மேற்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டன. எல்லாவற்றையும் கூட்டினால் 27 கோடி டன்னுக்கு மேல் ஆலை! பாங்குகள் கடன் கொடுத்தன. ஆலைகள் பாதி எழும்பி நிற்கும்போது நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை 2014-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 2015-ல் சீனாவின் ஏற்றுமதி 11 கோடி டன்னைத் தாண்டி, விலை தரைமட்டமானது.

2017 ஜூனில் ரிசர்வ் வங்கி, திவால் சட்டத்தின் கீழ் முதலில் கொண்டுபோக வேண்டிய 12 பெரிய வாராக்கடன் கணக்குகளை அடையாளம் காட்டியது. அந்தப் பன்னிரண்டில் ஐந்து ஸ்டீல் கம்பெனிகள். பூஷண் ஸ்டீல், எஸ்ஸார் ஸ்டீல், பூஷண் பவர் அண்ட் ஸ்டீல், எலெக்ட்ரோஸ்டீல், மோனெட் இஸ்பாட். பூஷண் ஸ்டீல் தர வேண்டியிருந்தது சுமார் 56,000 கோடி ரூபாய். 2018-ல் டாடா அதை எடுத்துக்கொண்டபோது கடன் கொடுத்தவர்களுக்கு வந்தது சுமார் 35,200 கோடி. மீதி? பாங்குகள் விழுங்கின. அரசு பாங்குகளுக்கு மறுபடி மறுபடி மூலதனம் போட்டதே பட்ஜெட்டிலிருந்து, அந்தக் கணக்கில் இதுவும் ஒரு வரி. ஒவ்வொரு கம்பெனியும் விழுந்ததற்குத் தனித்தனிக் காரணங்கள், நிர்வாகக் கோளாறுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை திட்ட அறிக்கைகளிலும் தேவை பற்றிய அத்தியாயம் ஒரே வாத்தியார் எழுதிக் கொடுத்த நோட்ஸ் மாதிரி இருந்ததே, அதைக் கேள்வி கேட்டவர் எத்தனை பேர்?

பணமாவது பரவாயில்லை. ஒடிஷாவில், ஜகத்சிங்பூர் மாவட்டத்தில், கடலோரமாக திங்கியா என்று ஒரு கிராமம். அங்கே வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. 2005 ஜூனில் தென்கொரியாவின் போஸ்கோ கம்பெனி, ஒடிஷா அரசோடு ஒப்பந்தம் போட்டது. வருஷத்துக்கு 1.2 கோடி டன் ஆலை, 50,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. அதுவரை இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டுத் திட்டங்களிலேயே பெரியது என்று கொண்டாடினார்கள். சுற்றுவட்டார ஜனங்கள் மறித்தார்கள். கொடிக்கால்களை அரசு ஆட்கள் பிடுங்கினார்கள், ஜனங்கள் போராடினார்கள், போலீஸ் வந்தது. பன்னிரண்டு வருஷம் இழுத்து, 2017-ல் போஸ்கோ விலகிக்கொண்டது. ஆலை வரவில்லை. கொடிக்காலும் திரும்பவில்லை. எடுத்த நிலத்தை அரசு வைத்துக்கொண்டு பிறகு ஜிண்டாலின் ஜே.எஸ்.டபிள்யூ. திட்டத்துக்குக் கொடுத்தது. அங்கே கதை மறுபடி முதலிலிருந்து.

அதே 2017-ல் புதிய தேசிய ஸ்டீல் கொள்கை வந்தது. 2030-31-க்குள் 30 கோடி டன் கொள்ளளவு, 25.5 கோடி டன் உற்பத்தி, தலைக்கு 158 கிலோ. நடக்குமா? கொள்ளளவு ஓரளவுக்கு நடந்துவிடும் என்று நினைக்கிறேன், கட்டுவதில் நம் கம்பெனிகள் இப்போது சமர்த்தர்கள். கட்டியதெல்லாம் ஓடுமா என்பதுதான் சந்தேகம். ஓ.இ.சி.டி. கணக்குப்படி 2024-ல் உலகத்தில் தேவைக்கு மேல் சும்மா இருந்த உருக்குத் திறன் சுமார் 60 கோடி டன். இந்தியா மாதிரி நாலு நாடுகளுக்குப் போதும். 2027-ல் அது 72 கோடியாகும் என்கிறது அதே அமைப்பு.

ஒரு விமர்சகனாக இந்த இலக்கியத்தின் மேல் எனக்குள்ள பெரிய புகார் தப்பாகச் சொல்வது அல்ல. எதிர்காலத்தைப் பற்றி யார் சரியாகச் சொல்ல முடியும்? போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று முதல் பக்கத்தில் ஒரு பத்தி எழுதக் கூடாதா என்பதுதான். வானிலை ஆபீஸ்கூட இப்போதெல்லாம் புயல் எங்கே கரை கடக்கும் என்று ஒற்றைக் கோடு போடுவதில்லை. விரிந்துகொண்டே போகிற ஒரு விசிறி போடுகிறார்கள். ஸ்டீல் ஜோசியர்கள் மட்டும் 1.3 சதவீதம் என்று புள்ளி வைத்து எழுதுகிறார்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 3-ஐப் பார்த்துத்தான் பாங்க் மேனேஜர் மயங்குகிறார். 2023 அக்டோபரில் 'ஏறலாம், இறங்கலாம், எங்களுக்கே பத்துக் கோடி டன் முன்னே பின்னே ஆகும்' என்று எழுதியிருந்தால் அதுதான் அந்த வருஷத்தின் மிகச் சரியான கணிப்பாக இருந்திருக்கும். பத்திரிகையில் போட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அடுத்த பதிப்பு வரும்போது தலைப்புச் சதவீதத்தை விட்டுவிட்டு, சீனாவின் வரியையும் இந்தியாவின் வரியையும் தனித்தனியாகப் பாருங்கள். பக்கத்தில் முந்தைய இரண்டு பதிப்புகளையும் விரித்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எல்லாம் இன்டர்நெட்டில் இலவசம்.

சொந்தக் காசைப் போட்டு ஜோசியம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினியா நாட்டில் சிமாண்டூ என்ற மலைத்தொடர், உயர்ரக இரும்புத் தாது. ரியோ டின்டோ அங்கே ஆராய்ச்சி லைசென்ஸ் வாங்கியது 1997-ல். ஆட்சிக் கவிழ்ப்பு, லஞ்ச வழக்கு, பங்காளிச் சண்டை எல்லாம் முடிந்து, 600 கிலோமீட்டருக்கு மேல் புது ரயில் பாதையும் துறைமுகமும் கட்டி, 2025 நவம்பரில் திறந்தார்கள். போட்ட பணத்தில் பெரும் பங்கு சீனக் கம்பெனிகளுடையது. முழு வேகத்தில் ஓடினால் வருஷத்துக்கு 12 கோடி டன் தாது வெளியே வரும். முதல் கப்பல் 2025 கடைசியில் கிளம்பியது, சீனாவுக்கு.